மதிலும் திண்ணையும்

திருக்கழுக்குன்றத்தில் வீட்டுக்கு பிளான் போட்டுத் தருவது என் தொழில். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022-ல் அரசாணை வந்தது. இங்கும் வயல்கள் மனைகளாகின்றன.

வருபவர்கள் முதலில் கேட்பது: "சார், சுத்தி ஆளுயர காம்பவுண்டு வேணும்." அதில் தவறில்லை. ஒண்டிக்குடித்தனத்தில் பத்துக் கண்களுக்கு நடுவே வாழ்ந்த பெண்ணுக்குத் தாழிட்ட கதவு விடுதலைதான்.

ஆனால் பழைய வீட்டின் அமைப்பைப் பாருங்கள். திண்ணை தெருவுக்கு, முற்றம் வீட்டாருக்கு, நடுவில் ரேழி. வழிப்போக்கர் உட்காரலாம், அவர் பார்வை அடுப்படிவரை போகாது. தனிமையும் அண்டை அயலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. யார் உட்காரலாம் என்று சாதி தீர்மானித்த கொடுமை மட்டும் திரும்பவே கூடாது.

பக்கத்து மதில் உயரட்டும். தெருப்பக்கம் இடுப்பளவு போதும். கேட் ஓரம் இரண்டடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டுங்கள். வீட்டுக்கு வெளியேயும் கூடிப் பழக இடம் வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் பொது இடமாக விடவேண்டும் என்பது விதி. மனை வாங்குமுன் அந்த இடம் எங்கே என்று கேளுங்கள். அங்கே வேம்பு நடுங்கள். ஆத்திர அவசரத்துக்கு ஓடிவருபவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் முகம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.