பீரோவில் தூங்கும் கூறைப்புடவை!

கல்யாணம் முடிந்த மறுநாள் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மணப்பெண்ணின் கூறைப்புடவையை மடித்து, கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு, நாலு பாச்சை உருண்டையை உள்ளே தள்ளி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிடுவோம். 'என்ன செய்யறதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்!'

அந்த 'அப்புறம்' எப்போது வருகிறது தெரியுமா? பல வீடுகளில், பேரனையோ பேத்தியையோ தொட்டிலில் போடுகிற நாளில்தான்!

"புடவைக்கும் வைத்தியத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்கிறீர்களா? சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மழையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் என் கிளினிக்குக்கு ஒரு பாட்டி பதறிக்கொண்டு வந்தார். மடியில் பதினைந்து நாள் ஆண் குழந்தை.

"டாக்டரம்மா, புள்ளைக்கு உடம்பெல்லாம் மஞ்சளா இருக்கு. பால் குடிக்க மாட்டேங்கறான். கீழாநெல்லி அரைச்சுக் குடுங்கம்மா..."

குழந்தையைச் சுற்றியிருந்த அரக்குப் பட்டிலிருந்து வந்த நெடி என் மூக்கைத் துளைத்தது.

"இது என்னம்மா, பாச்சை உருண்டை வாசனை?"

"எம் பொண்ணோட கூறைப்புடவைம்மா. பதினோராம் நாள் தொட்டில் போட்டதிலேர்ந்து இதுலதான் தூங்கறான்."

நான் கீழாநெல்லியைத் தொடவில்லை. புடவையை நீக்கி, என் பருத்தித் துண்டில் குழந்தையைச் சுற்றி, உடனே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒளி சிகிச்சை, ரத்தம் ஏற்றுதல் என்று ஒரு வாரம் போராடித்தான் காப்பாற்றினார்கள்.

என்ன நடந்தது?

பாச்சை உருண்டை என்பது நாப்தலீன். அது கரைவதில்லை, அப்படியே ஆவியாகித் துணிக்குள் ஏறிக்கொள்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் 'ஜி6பிடி' என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பார்த்தால் தெரியாது. இந்தக் குழந்தைகள் நாப்தலீனைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை ஏறும். பச்சைக் குழந்தைக்கு அது மூளை வரை பாதிக்கலாம். கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963-லேயே இந்த ஆபத்தை எழுதிவைத்தார்கள். ஐரோப்பிய யூனியன் 2008-ல் இந்த உருண்டைகளுக்குத் தடையே போட்டுவிட்டது. நம் வீடுகளில்தான் இன்னும் பீரோவுக்குப் பீரோ உருள்கிறது!

சரி, புடவையை என்னதான் செய்வது?

முதல் யோசனை: கட்டுங்கள்! பட்டுக்குப் பெரிய எதிரி, ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடப்பதுதான். மடிப்பிலேயே இழை விட்டுப்போகும். கல்யாண நாள், பொங்கல் என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது உடுத்துங்கள். "பெருத்துட்டேனே டாக்டர்!" என்கிற பெண்களுக்கு: ரவிக்கைதான் சேராது, புடவை எல்லாருக்கும் சேரும்!

கட்ட மாட்டீர்கள் என்றால், பெண்ணுக்குப் பாவாடை சட்டையாகத் தைக்கலாம். வசதியில்லாத உறவுப் பெண்ணின் முகூர்த்தத்துக்கு மனசாரக் கொடுக்கலாம். இற்றுப்போன புடவையென்றால் ஜரிகைக்கு விலை உண்டு. அசல் ஜரிகை, பட்டு நூலில் வெள்ளி சுற்றித் தங்கமுலாம் பூசியது. வாசலில் கூவுகிறவரிடம் அவசரப்பட்டுப் போடாமல், இரண்டு கடையில் சோதித்துப் பார்த்துவிட்டு விற்கவும்.

வைத்துத்தான் ஆகவேண்டுமா?

* கட்டி அவிழ்த்ததும் மடிக்காதீர்கள். நிழலில், காற்றாட வியர்வை உலரட்டும். வியர்வையும் பாயசக் கறையும்தான் பூச்சிக்கு விருந்து.
* பிளாஸ்டிக் கவர் வேண்டாம். சேலையூர், செம்பாக்கம் ஏரிகளுக்கு நடுவே இருக்கிற நமக்கு மழைக்கால ஈரத்தைச் சொல்ல வேண்டுமா? வெளுத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.
* மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, மடிப்பை மாற்றுங்கள்.
* வசம்பு, கிராம்பு, நன்றாகக் காய்ந்த வேப்பிலை மூன்றையும் துணியில் முடிந்து, புடவையின் மேல் படாமல் தட்டின் மூலையில் வையுங்கள். வாசனை போனதும் மாற்றவும். இது பூச்சியை அண்டவிடாது. ஏற்கெனவே புகுந்ததைக் கொல்லாது. அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

"உருண்டைக்குப் பதில் கற்பூரம் வைக்கலாமா?" கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதுவும் வேண்டாம்.

உருண்டையை மிட்டாய் என்று குழந்தை விழுங்கிவிட்டால்? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய் கொடுக்காதீர்கள். விஷம் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். நேரே ஆஸ்பத்திரிதான். இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட சிறுநீர் டீ நிறத்தில் போகலாம், கவனியுங்கள்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது கீழாநெல்லியின் பெருமையைப் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். ஆனாலும் சொல்கிறேன்: பிறந்த குழந்தையின் மஞ்சளுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் அம்மா போன தீபாவளிக்கு அதே அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு பலகாரத்தோடு வந்தாள். நெடி துளிகூட இல்லை. "பீரோவுல இப்ப வசம்புதான் டாக்டரம்மா!" என்றாள்.

இன்றைக்கே உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். முதலில் அந்த உருண்டைகள் வெளியே போகட்டும்!