புது மேனேஜர் வந்தாச்சு! ரசிகர்கள் என்ன எதிர்பார்க்கிறாங்க?



நம்ம சுவர்ப் பத்திரிகையில கிரிக்கெட் பற்றி நிறைய பேர் எழுதிட்டாங்க. அதனால இந்தத் தடவை நான் கால்பந்து பற்றி எழுதுகிறேன். ஆடுறவங்களைப் பற்றி இல்லை. ஆடாமல் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டே இருப்பாரே, அவரைப் பற்றி. அவர்தான் மேனேஜர்.

மேனேஜர் என்றால் யார்?

நமக்கு மேனேஜர்னா பாங்க் மேனேஜர்தான் ஞாபகம் வருவார். இங்கிலாந்தில் கால்பந்து கிளப்பின் தலைமைப் பயிற்சியாளரை மேனேஜர் என்று சொல்கிறார்கள். யார் ஆடணும், யார் வெளியே உட்காரணும், எந்த இடத்தில் நிற்கணும் என்று முடிவு செய்வது அவர்தான். அங்கே பெரிய லீக்கில் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 19 அணிகளோடு இரண்டு இரண்டு முறை ஆடும். மொத்தம் 38 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா ஆனால் 1 புள்ளி. ஒரு அணி தொடர்ந்து தோற்றால் 11 பேரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது இல்லையா? அதனால ஒருத்தரை அனுப்புவாங்க. அந்த ஒருத்தர் மேனேஜர்.

புது மேனேஜர் வந்த அன்றைக்கு ரசிகர்கள் மனசில் ஒரு பெரிய பட்டியலே இருக்கும். உடனே ஜெயிக்கணும். அழகாகவும் ஆடணும். சின்னப் பசங்களுக்கு வாய்ப்பு கொடுக்கணும். பழைய மேனேஜர் மாதிரி இருக்கணும், ஆனா அவர் செய்த தப்பு மட்டும் இருக்கக் கூடாது. இவ்வளவும் ஒரே ஆளால் முடியுமா? மான்செஸ்டர் யுனைடெட் என்ற ஒரே கிளப்பை வைத்துப் பார்ப்போம்.

பெர்குசனின் மார்க் ஷீட்

1986 நவம்பரில் அலெக்ஸ் பெர்குசன் இந்த கிளப்புக்கு மேனேஜராக வந்தார். அப்போது லீக்கில் 22 அணிகள். யுனைடெட் இருந்த இடம் 21. கடைசிக்கு முந்தின இடம்! அவரோட முதல் ஆட்டத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் அணியிடம் 0-2 என்று தோல்வி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் லீக்கில் எத்தனாவது இடம் என்று கீழே எழுதியிருக்கிறேன். நம்ம ரேங்க் கார்டு மாதிரி பாருங்க.

1987 – 11
1988 – 2
1989 – 11
1990 – 13
1991 – 6
1992 – 2
1993 – 1

1988-இல் இரண்டாம் இடம் வந்ததும் ரசிகர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த வருடம் மறுபடி 11. 1989 செப்டம்பரில் பக்கத்து அணியான மான்செஸ்டர் சிட்டியிடம் 1-5 என்று தோற்றார்கள். அந்த டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே ரசிகர் ஒருவர் பேனர் பிடித்தார். மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு சொன்னது போதும், போய் வாங்க என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆனால் கிளப் நிர்வாகம் அவரை அனுப்பவில்லை. 1990-இல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. 1993-இல் லீக் கோப்பை கிடைத்தது. அந்த கிளப் லீக்கை அதற்கு முன்னால் ஜெயித்தது 1967-இல்! நடுவில் 26 வருடம் போயிருக்கிறது. அதற்கப்புறம் பெர்குசன் 2013 வரை இருந்து, மொத்தம் 13 முறை லீக்கை ஜெயித்துக் கொடுத்தார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 11, 2, 11, 13 என்று போகிற மார்க் ஷீட்டைப் பார்த்து, இவர் முன்னேறுகிறார் என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. அப்படின்னா அந்த வருடங்களில் அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார்?

பட்டியலில் தெரியாத வேலை

வீரர்கள் நிறைய மது குடிக்கிற பழக்கத்தை நிறுத்தப் பார்த்தார். பெரிய வீரர்கள் என்றாலும் சரிப்பட்டு வரவில்லை என்றால் வேறு கிளப்புக்கு விற்றார். ஊர் ஊராகச் சின்னப் பசங்களைத் தேடிப் பிடிக்க ஆட்களை அதிகப்படுத்தினார். 1987 நவம்பரில் ரயன் கிக்ஸ் என்ற பையனின் வீட்டுக்கு அவரே நேரில் போனார். அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பிறந்தநாள். எத்தனை வயசு தெரியுமா? 14. என் வயசு!

அந்த பேனர் பிடித்த சமயத்தில் கிக்ஸுக்கு 16 வயசுதான். பெரிய அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1992-இல் கிக்ஸ், பெக்காம், பட், கேரி நெவில் எல்லாம் சேர்ந்த இளைஞர் அணி கோப்பை வாங்கியது. அதற்குப் பிறகு பல வருடம் இவர்கள்தான் கிளப்பைத் தாங்கினார்கள். பேனர் பிடித்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, குளிரில் நின்று, தோல்வியைப் பார்த்தவர். அவர் கண்ணுக்குப் புள்ளிப்பட்டியல் தெரிந்தது. முளைக்கிற விதை தெரியவில்லை.

அடுத்து வந்தவரின் கதை

2013-இல் பெர்குசன் ஓய்வு பெற்றார். டேவிட் மோயஸ் என்பவரை அவரே சிபாரிசு செய்தார். கிளப் 6 வருட ஒப்பந்தம் போட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அவர் படத்தோடு ஒரு பேனர் மைதானத்தில் தொங்கியது. இந்தத் தடவை பேனர் வரவேற்பதற்கு!

ஆனா அவர் எந்த நிலைமையில் வந்தார் பாருங்க. பெர்குசன் வந்தபோது அணி 21-ஆவது இடம். மோயஸ் வந்தபோது அணி சாம்பியன். பெர்குசனுக்கு மேலே ஏற இடம் இருந்தது. மோயஸுக்குக் கீழே இறங்க மட்டும்தான் வழி. அணியின் முக்கியமான வீரர்கள் சிலருக்கு வயதும் ஆகிவிட்டது. கிக்ஸுக்கே அப்போது 39.

2014 மார்ச்சில் சில ரசிகர்கள் காசு போட்டு ஒரு குட்டி விமானத்தை வாடகைக்கு எடுத்து, மோயஸ் வெளியே போகணும் என்று எழுதிய பேனரை மைதானத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். கீழே உட்கார்ந்திருந்த பலர் அந்த விமானத்தைப் பார்த்துக் கத்திக் கேலி செய்தார்கள். ரசிகர்கள் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்று இதில் தெரியுது. ஏப்ரல் 22 அன்று அவரை நீக்கினார்கள். 6 வருடம் என்றது 10 மாதத்தில் முடிந்தது. அதே மோயஸ் 2023-இல் வெஸ்ட் ஹாம் அணிக்கு ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வேலை தெரியாது என்று சொல்ல முடியுமா?

2013 முதல் 2024 வரை அந்த கிளப் நிரந்தரமாக நியமித்த மேனேஜர்கள் மொத்தம் 6 பேர். அதற்கு முன் 26 வருடத்துக்கு ஒரே ஆள்!

ஆள் மாறினதும் ஏன் ஜெயிக்கிறாங்க?

"மேனேஜரை மாத்தினா உடனே ஜெயிப்பாங்க, நீ வேணா பாரு" என்று எங்க மாமா பையன் அடிக்கடி சொல்வான். அது பாதி உண்மை. 2018 டிசம்பரில் மொரின்யோவை நீக்கிவிட்டு சோல்ஷரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். முதல் ஆட்டம் கார்டிஃப் அணியோடு, 5-1 வெற்றி. வரிசையாக 8 ஆட்டம் வெற்றி! ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2019 மார்ச்சில் வேலை நிரந்தரம் ஆனது. ஆனால் அந்த சீசனின் கடைசி 5 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டம் அதே கார்டிஃப் அணியோடு, சொந்த மைதானத்தில், 0-2 தோல்வி.

ஏன் இப்படி? மாதத் தேர்வில் எப்பவும் 70 வாங்குகிற பெண் ஒரு தடவை 40 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காய்ச்சல், படிக்காத பாடத்திலிருந்து கேள்வி. அடுத்த தேர்வில் அவள் பெரும்பாலும் 70 பக்கம் வந்துவிடுவாள். நடுவில் டியூஷன் மாற்றினால், டியூஷனால்தான் மார்க் ஏறியது என்று வீட்டில் சொல்வார்கள்! அணியும் அப்படித்தான். மிக மோசமாக இருக்கும்போதுதான் மேனேஜரை மாற்றுகிறார்கள். அதற்கு மேல் மோசமாவதைவிடச் சரியாவதற்கே வாய்ப்பு அதிகம். புது ஆள் முன்னால் நல்ல பேர் வாங்கணும் என்று வீரர்களும் கொஞ்ச நாள் கூடுதலாக ஓடுவாங்க. இந்த இரண்டும் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம்தான் மேனேஜரின் உண்மையான வேலை தெரியும்.

கோப்பை வாங்கினால் போதுமா?

போதாது! வான் கால் என்ற மேனேஜர் 2016 மே 21-இல் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தார். மே 23-இல் வேலை போச்சு. அணி மெதுவாகப் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கு, பார்க்கச் சலிப்பாக இருக்கு என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். இந்த கிளப்பில் 1937 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கான அணியிலும் தங்கள் சொந்தப் பயிற்சியில் வளர்ந்த ஒரு வீரராவது இருந்துகொண்டே இருக்கிறார். ரசிகர்கள் அதைக் கோப்பை மாதிரியே பெருமையாக நினைக்கிறார்கள். அதனால ஜெயிப்பது மட்டும் அவர்கள் கேட்பது இல்லை. இது எங்க அணி என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேணும் என்று கேட்கிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுது.

அப்போ எப்படி எதிர்பார்க்கணும்?

எல்லா மேனேஜருக்கும் 7 வருடம் கொடுத்தால் எல்லாரும் பெர்குசன் ஆகிவிட மாட்டார்கள். சரியாக வராதவரை வைத்துக்கொண்டே இருந்தால் அணிதான் கெட்டுப்போகும். பொறுமை என்றால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பது இல்லை, எதைப் பார்க்கணுமோ அதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது. அதனால புது மேனேஜர் வந்தால் மூன்று கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

1. அவர் வந்தபோது அணி எந்த இடத்தில் இருந்தது?
2. போன வருடம் இருந்ததைவிட இந்த வருடம் எந்த வீரராவது நன்றாக ஆடுகிறாரா?
3. பட்டியலில் தெரியாத வேலை ஏதாவது நடக்கிறதா?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் 13-ஆவது இடத்தில் இருந்தாலும் பொறுக்கலாம். ஒன்றுக்கும் பதில் இல்லை என்றால் 8 ஆட்டம் ஜெயித்தாலும் துள்ள வேண்டாம். ஆக்கப் பொறுத்தவங்க ஆறவும் பொறுக்கணும்னு சொல்வாங்க. ஆனா அடுப்பில் உலை ஏறியிருக்கா என்று எட்டிப் பார்க்கிறதில தப்பு இல்லையே!

நீங்க ஒரு கிளப்பின் ரசிகராக இருந்தால் 1989-இல் எந்த பேனரைப் பிடித்திருப்பீங்க? உங்க பதிலை ஒரு தாளில் எழுதி, அடுத்த இதழுக்காக நம்ம பத்திரிகைப் பெட்டியில் போடுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி