உங்களுக்குத் தெரியுமா? பாசறையில் பழகும் பொறுப்பு

இலங்கையில் சாரணியம் 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் தொடங்கியது, தொடங்கிவைத்தவர் எஃப். ஜி. ஸ்டீவன்ஸ். பெண் சாரணியம் 1917இல் வந்தது. இரண்டுக்கும் வித்து, 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் சாரணியத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய பாசறை. வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் பிள்ளைகளையும் அவர் ஒரே அணியில் கலந்து விட்டார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான செயல்.

அந்த அணி முறையே இன்றும் சாரணியத்தின் உயிர்நாடி. ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. தலைவரும் அவர்களுள் ஒருவரே. பாசறையில் பொறுப்பாசிரியர் சற்று விலகி நிற்பார். விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டி, சோறு வடிப்பது பிள்ளைகளின் வேலை. சோறு குழைந்தால் அணி முழுவதும் அதையே சாப்பிடும். அடுத்த வேளைக்குத் தண்ணீரின் அளவை அவர்களே பேசித் திருத்துவார்கள். கம்புகளைக் கயிற்றால் வரிந்து பாலம் கட்டும்போது ஒருவரின் முடிச்சு தளர்ந்தால் இன்னொருவர் விழுவார். பிறரின் பாதுகாப்பு தன் கையில் இருப்பதைச் சிறுவர் முதலில் உணர்வது பெரும்பாலும் இங்கேதான்.

காடும் வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களும் சூழ்ந்த, வன்னியின் துணுக்காய்ப் பகுதிக்கு இந்தப் பயிற்சி மிகவும் பொருந்தும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைகள் பாசறையில் தாமே விரும்பிக் கூடாரம் அடிக்கலாம். யானைத் தடம் அறிதல், குளத்து நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தல், பாம்புக்கடிக்கு முதலுதவி ஆகியவை வன்னியில் அன்றாடத் தேவைகள். சாரணர்களின் பெரும் ஒன்றுகூடலான தேசிய ஜம்போறி 2016இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. நாட்டின் உயர் சாரணர் விருது ஜனாதிபதி சாரணர் விருது.