கைபேசிக் காட்சியைக் கம்பியின்றித் தொலைக்காட்சியில் காட்டும் முறை

கல்குளம் தாலுகா நெய்யூரைச் சுற்றிலும் நெல், தென்னை, வாழை, ரப்பர் முதலியன சாகுபடியாகின்றன. பயிர் நோய்களைப் பற்றிய படங்களை இப்பொழுது குடியானவர்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளக்கூடும். ஆனால் கையிலடங்கும் கண்ணாடியைப் பத்துப்பேர் கூடி எட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. வாழை இலைப்புள்ளி நோயின் ஆரம்ப அடையாளமாகிய மெல்லிய மஞ்சட் கீற்று அதில் கண்ணுக்குத் தென்படாது. அக்காட்சியையே தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டும் முறையை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல், திருச்சி வானொலியின் வாயிலாகத் தஞ்சைக் குடியானவர்களிடையே பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. வானொலி சொன்னதை, அது சொன்ன வேளையில்தான் கேட்க முடிந்தது. இப்புது முறையிலோ, வேண்டிய பாடத்தை வேண்டியபோது நிறுத்தியும் திருப்பியும் பார்க்கலாம்.

இதற்கு இரண்டு வழிகளுண்டு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதாலேயே கூட்டத்தில் சங்கடம் நேருகிறது.

முதலாவது, 'காஸ்ட்' செய்தல். 2013-ம் வருஷம் வெளிவந்த குரோம்காஸ்ட் என்னும் சிறு கருவியால் இது பெரிதும் பிரபலமாயிற்று. கைபேசியும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபையில் சேர்ந்திருத்தல் வேண்டும். கைபேசி அவ்வலையில், "காட்சி வாங்குவோர் எவருளர்?" என்று கேட்க, தொலைக்காட்சி தன் பெயரைக் கூறும். பிறகு கைபேசி அனுப்புவது படத்தையன்று. படம் இருக்குமிடத்தின் விலாசத்தை மாத்திரமே. தொலைக்காட்சி தானே இணையத்திலிருந்து அதை வரவழைத்துக்கொள்ளும். ஆகையால் இடையில் கைபேசியில் பேசினாலும் படம் நிற்பதில்லை. கைபேசியிலேயே சேமித்துள்ள படமாயின் விஷயம் வேறு. அதைக் கைபேசியே கடைசிவரை அனுப்பியாக வேண்டும்.

இரண்டாவது, திரையைப் பிரதிபலித்தல். 2012-ல் ஏற்பட்ட மிராகாஸ்ட் இவ்வகையது. இதற்கு வைஃபைப் பெட்டி அவசியமில்லை. இரு கருவிகளும் நேரே பேசிக்கொள்ளும். கைபேசி தன் திரையில் தோன்றுவதையெல்லாம் கணந்தோறும் சுருக்கி அனுப்புவதால், பாட்டரி விரைவில் தீரும். அதனினும் முக்கியமானது, பாங்கிக் கணக்குச் செய்தியோ ரகசிய எண்ணோ வந்தால் அதுவும் சபையோர் முன்னிலையில் தோன்றிவிடும். அதிகாரிகள் தமது சொந்தக் கைபேசியை இவ்வழியில் உபயோகிக்குமுன் அறிவிப்புகளை நிறுத்திவைப்பது உசிதம்.

வைஃபை இல்லாதவிடத்து ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் தொலைக்காட்சியையும் மற்றொரு கைபேசியையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பொழுது இணையச் செலவு முழுவதும் முதற் கைபேசியின் கணக்கிலேயே விழும். தெளிவான படத்துக்கு மணிக்குச் சுமார் 3 ஜிகாபைட் வரை ஆகலாமாதலால், தினசரி அளவு குறைந்தவர்கள் படத்தின் தரத்தைத் தாழ்த்திக்கொள்வார்களாக.

வெட்டுக்கற் சுவர்களும் மழையில் நனைந்த தென்னோலைகளும் இவ்வலைகளைத் தடுப்பன. வீட்டினுள் பெட்டியை வைத்துத் தோப்புக் கொட்டகையில் படம் எதிர்பார்ப்பது வீண். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையதாயினும் சுவரைக் கடப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் குறைந்ததே. ஐப்பசி இடிமழைக் காலத்தில், மின்னல் தொடங்குமுன்பே தொலைக்காட்சியையும் வைஃபைப் பெட்டியையும் மின்சாரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். பொத்தானை அணைப்பது மாத்திரம் போதாது.