தும்மினாலே கசிகிறதா? வீட்டிலிருந்தே சிகிச்சை தொடங்கலாம்

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் சென்னைக் கடற்கரை நிலையம் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரயிலில் கழிப்பறை கிடையாது. சிறுநீர்க் கசிவு உள்ள பெண்கள் பலர் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். நாப்கின் வைத்துச் சமாளிக்கிறார்கள். மருத்துவரிடம் மட்டும் சொல்வதில்லை. ‘வயசானா இப்படித்தான்’ என்று விட்டுவிட வேண்டிய தொல்லை அல்ல இது.

ஏன் கசிகிறது?

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதையொட்டி ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்த் தாரையின் உட்சவ்வு மெலிகிறது. பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத் தளத் தசை, உடல் பருமன், மலச்சிக்கல், நாள்பட்ட இருமல் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

இருமும்போதும் தண்ணீர்க் குடம் தூக்கும்போதும் கசிவது ஒரு வகை. கழிப்பறைக் கதவைத் தொடுவதற்குள் அடக்க முடியாமல் போவது இன்னொரு வகை. சிலருக்கு இரண்டும் உண்டு.

தசைக்குப் பயிற்சி

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் விளக்கிய பயிற்சிதான் இன்றும் முதல் சிகிச்சை. வாயுவை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து மேலே தூக்கி, சில விநாடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

சிறுநீர்ப்பைக்குப் பழக்கம்

‘எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்’ என்று அடிக்கடி போனால், சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே அவசரப்படப் பழகிவிடும். மணிக்கு ஒருமுறை போகிறவர் 15 நிமிடம் தள்ளிப்போட்டுப் பார்க்கலாம். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இதற்கு 6 வாரமாவது தேவை. காபி, டீயைக் குறைக்கலாம். தண்ணீரைக் குறைக்க வேண்டாம்; சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சல் அடையும்.

கைப்பேசி வழியே துணை

பயிற்சியைத் தொடங்குவது எளிது, தொடர்வதுதான் கடினம். அங்கேதான் இணையவழி ஆதரவு கைகொடுக்கிறது. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கென ஒரு செயலியை உருவாக்கி, இருமினால் கசியும் தொல்லை உள்ள 123 பெண்களிடம் சோதித்தனர். மருத்துவரை நேரில் பார்க்காமலே 3 மாதம் செயலியின் துணையுடன் பயிற்சி செய்தவர்களுக்குக் கசிவு குறைந்தது. செயலி தரப்படாமல் காத்திருந்த மற்றப் பெண்களைவிட அவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தனர். இந்த முடிவு 2017இல் வெளியானது.

நம் ஊரில், மத்திய அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் காணொளியில் இலவசமாகப் பேசலாம். அதற்கு முன் 3 நாள், குடித்த அளவு, சிறுநீர் கழித்த நேரம், கசிந்த நேரம் மூன்றையும் எழுதிவைத்தால் மருத்துவருக்கு விஷயம் சட்டென்று பிடிபடும்.

நேரில் போக வேண்டியது எப்போது?

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடி இறங்கியதுபோன்ற உணர்வு, சிறுநீர் வராமல் அடைப்பு இவற்றில் எது இருந்தாலும் நேரில் பரிசோதனை அவசியம். 3 மாதப் பயிற்சிக்குப் பிறகும் கசிவு குறையாவிட்டால் மகளிர் நல மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்க்க வேண்டும். சர்க்கரை அளவையும் அப்போதே சோதித்துக்கொள்வது நல்லது.