கடலில் விழுந்த மோதிரம்!

அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்தின் கிழக்குக் கரையில் ஒரு பகுதியைப் 'புதையல் கரை' என்றே அழைக்கிறார்கள். 1715-ல் பொன்னும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்பிய கப்பல்கள் புயலில் சிக்கி அங்கேதான் நொறுங்கின. இன்றும் அந்தக் கரையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மார்பளவு ஜலத்தில் மெள்ள மெள்ள நடக்கிற ஆசாமிகளைப் பார்க்கலாம். ஸ்பானிய ராஜாவின் தங்கத்தையா தேடுகிறார்கள்? அந்தக் கப்பல்களைத் தோண்டச் சர்க்கார் அனுமதி வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் தேடுவது, போன ஞாயிற்றுக்கிழமை குளிக்க வந்த யாரோ ஒருவருடைய கல்யாண மோதிரத்தை!

குளிர்ந்த ஜலத்தில் விரல் சற்றே சுருங்குகிறது. உடம்பில் பூசிய தைலம் வழுக்குகிறது. ஓர் அலை வருகிறது, கையை உதறுகிறோம், தீர்ந்தது! தங்கமோ கனமான வஸ்து. சுத்தத் தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். அலை மணலைக் கலக்கக் கலக்க, மோதிரம் கீழே இறங்கிக்கொண்டே போகும். கண்ணால் தேடிப் பிரயோசனமில்லை. மெட்டல் டிடெக்டர்தான் வேண்டும்.

எதை வாங்குவது? அங்கேதான் இருக்கிறது சங்கடம்.

கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருள் காந்த அலைகளை அனுப்புகிறது. எதிரே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அது எழுப்பும் பதிலைக் கேட்டுக் கருவி கூவுகிறது. இது பழைய வித்தை. 1881-ல் ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, உடம்பில் தங்கிய குண்டைத் தேட, டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் இப்படியொரு கருவியோடு வந்தார். அது கண்ட இடத்திலெல்லாம் முனகியது! ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையில் எஃகு ஸ்பிரிங்குகள். போதாக்குறைக்கு, டாக்டர் வலப் பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இருந்ததோ இடப் பக்கம். செப்டம்பரில் ஜனாதிபதி காலமானார்.

கடலில் அந்த மெத்தையின் வேலையை உப்பு செய்கிறது. உப்புத் தண்ணீரிலும் மின்சாரம் ஓடுமல்லவா? ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரணக் கருவி, மோதிரம் இல்லாத இடத்திலும் பிதற்றும். ஆறு, ஏரி என்றால் அதுவே போதும். வீண் செலவு வேண்டாம். கடலுக்கு இரண்டு வழி. பல அலைவரிசைகளை அனுப்பி, உப்பின் பங்கைக் கழித்துவிடும் கருவி ஒன்று. மற்றது 'பல்ஸ்' வகை. அது துடிப்புத் துடிப்பாக அனுப்பி, சற்று ஓய்ந்து, பிறகு காது கொடுக்கும். அதற்குள் உப்பின் முணுமுணுப்பு அடங்கிவிடும். ஆழமாகவும் தேடும். ஆனால் தலை ஊசிக்கும் தங்கத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். நாள் முழுக்கத் துருவும் சோடா மூடியும் தோண்ட வேண்டியதுதான்.

"குப்பையை ஒதுக்கும் கருவி இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது. அதிலே ஒரு பொல்லாத்தனம் பாருங்கள்! சின்னத் தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. அலுமினியம் வேண்டாமென்று பொத்தானைத் திருகினால், மோதிரத்துக்கும் கதவைச் சாத்தினதாகும். இரும்பை மட்டும் தள்ளுங்கள், மற்றதையெல்லாம் தோண்டுங்கள். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு துண்டுபோல் தோன்றுவதால், நல்ல கருவியும் ஏமாந்து போகும். கடலுக்குப் போகுமுன் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைப்பது இந்தக் கருவி எல்லாவற்றையும்விட மலிவு!

'நீர் புகாதது' என்ற விளம்பரத்தை நம்பிவிடாதீர்கள். சில கருவிகளில் அடிச் சுருள் மட்டுமே நனையலாம். மேலே உள்ள பெட்டி நனைந்தால் போச்சு. காரெட் கம்பெனியின் 'ஏ.டி. புரோ' 10 அடி ஆழம் வரை தாங்கும். மைன்லாபின் 'எக்ஸ்காலிபர்' 200 அடி வரை போகும். இடுப்பளவில் தேடுகிறவருக்கு 10 அடியே தாராளம். பெரிய சுருள் ஆழமாகத் தேடும். ஆனால் அலையில் துடுப்புப்போல் கையை இழுக்கும். ஹெட்போனும் நீருக்கேற்றதாய், கம்பியுள்ளதாய் இருக்கட்டும். ரேடியோ அலை தண்ணீருக்குள் அதிக தூரம் செல்லாது. நீண்ட பிடியுள்ள சல்லடைக் கரண்டி ஒன்றும் அவசியம். அது இல்லாவிட்டால், காது கேட்டதைக் கை எடுக்க முடியாது.

கடல் வற்றி நிற்கும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். திரும்பியதும் கருவியை நல்ல தண்ணீரில் அலம்ப வேண்டும். மோதிரம் அகப்பட்டால் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். அந்நாட்டு மணமோதிரங்கள் பலவற்றில் இரண்டு பெயரெழுத்துக்களும் ஒரு தேதியும் பொறித்திருக்கும். அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு, சொந்தக்காரரைத் தேடிக் கொடுக்கிறவர்களும் அந்த ஆசாமிகளில் உண்டு.