கடிகார மூடியில் மலர்ந்த ஓவியம்

மார்க்கம் உருவப் படங்களைக் கட்டுப்படுத்தியதால் முஸ்லிம் உலகில் ஓவியம் வளரவில்லை என்போர் இன்றும் உளர். இக்கூற்றை ஆராய ஒரு சிறு பொருளே போதும் என நாம் கருதுகிறோம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் உதுமானியர் சந்தைக்கென ஜெனீவாவில் உருவான சட்டைப்பைக் கடிகாரமே அது.

உலோகத் தகட்டின்மீது கண்ணாடித் தூளைப் பரப்பி உருக்கி ஒட்டவைக்கும் வேலைக்கு 'மீனா' என்று பெயர். பாரசீகத்திலும் அரபியிலும் வழங்கும் இச்சொல்லை நம் நகைத் தொழிலாளரும் அறிவர். இவ்வாறு அமைந்த வெண்பரப்பின்மீது நுண்ணோவியம் தீட்டும் முறையை, 1630ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சின் பொற்கொல்லர் ஷான் தூத்தேன் செம்மைப்படுத்தினார். பின்னர் ஜெனீவா அக்கலையில் புகழ்பெற்றது.

கோபால்ட் நீலத்தையும், இரும்பு செந்நிறத்தையும், செம்பு பச்சையையும் தரும். இவற்றின் பொடியை எண்ணெயில் குழைத்து, மிக மெல்லிய தூரிகையால், உருப்பெருக்கியின் துணைகொண்டு தீட்டுவர். ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் சுடுவர். நிறம் சேர்க்குந்தோறும் மீண்டும் சுட வேண்டும். ஒருமுறை விரிசல் கண்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும். நிறைவாக, நிறமற்ற கண்ணாடிப் பூச்சு ஓவியத்தைக் காக்கும்.

ஐரோப்பியருக்கான மூடிகளில் கிரேக்கப் புராண மாந்தரைத் தீட்டிய அதே நகரத்துக் கலைஞர்கள், உதுமானியருக்குப் பெரும்பாலும் பாஸ்பரஸ் கரையையும் மஸ்ஜிதுகளையும் மலர்க் கொத்துகளையும் தீட்டினர். முகப்பில் அரபு எண்கள் இடம்பெற்றன. இஸ்தான்பூலின் கலாத்தாப் பகுதியில் ஜெனீவாக் கடிகாரக்காரர்கள் குடியேறியிருந்தனர். சிந்தனையாளர் ரூசோவின் தந்தையும் 1705 முதல் 1711 வரை அந்நகரில் இத்தொழில் புரிந்தவரே.

ஓவியம் தீட்டிப் பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. அவ்வழியின் அழகை இம்மூடிகளில் காண்கிறோம். எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. உதுமானிய அரண்மனைச் சுவடிகளில் லெவ்னீ போன்றோர் மனித உருவங்களைத் தீட்டினர். கஜார் கால ஈரானின் மீனா வேலையிலும் முகங்கள் உண்டு. ஆகவே முஸ்லிம் உலகின் நடைமுறை ஒரேபடித்தாக இருந்ததில்லை.

இக்கடிகாரம் வெறும் அணிகலனுமன்று. சூரியன் மறையும் நேரத்தைப் பன்னிரண்டாகக் கொண்டது உதுமானியர் வழக்கம். ஆதலால் மஃரிபு வேளையில் முள்ளைத் திருத்தி வைப்பர். துருக்கியில் 1926இல் அம்முறை நீங்கும்வரை, நேரங்காட்டும் கருவி தொழுகையோடு இணைந்தே இயங்கிற்று.

2020இல் யுனெஸ்கோ, துருக்கி உள்ளிட்ட நான்கு நாடுகளின் நுண்ணோவியத்தையும், சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் கடிகாரக் கலையையும் மானுட மரபுச் செல்வங்களாகப் பட்டியலிட்டது. இரண்டும் ஒரு மூடியில் முன்பே சந்தித்துவிட்டன. அரபுக் கல்லூரிகளில் 'தஸ்வீர்' பற்றிய சட்டங்களை நடத்துகையில் இத்தகைய பொருள்களின் படங்களையும் மாணவர்க்குக் காட்டுதல் நலம். விலக்கப்பட்டது எது என்பதை அவர்கள் நன்கு கற்கின்றனர். அனுமதிக்கப்பட்டதில் எவ்வளவு அழகு விளைந்தது என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.